விண்ணப்பப் பெட்டியின் சாவி

ஜூன் 6, வியாழன்

காலை ஒன்பது மணிக்குக் கோயிலுக்குப் போய் ஜெப விண்ணப்பப் பெட்டியைத் திறந்தேன். ஒன்பது சீட்டு. இரண்டு கல்யாணம், ஒரு விசா, ஒரு குடிகாரப் புருஷன், மூன்று சர்க்கரை வியாதி, ஒரு பரீட்சை. ஒன்பதாவது பெண் கையெழுத்து. இடது மார்பில் கட்டி இருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

சீட்டில் யாரும் பெயர் எழுதக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வீட்டுக்கு வந்து நான் என் கையால் பட்டியல் எடுப்பேன். அதிலும் ‘ஒரு சகோதரியின் சுகத்துக்காக’ என்ற அளவில்தான் எழுதுவேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அந்தப் பட்டியலை வாசித்து ஜெபிப்பார்கள். முடிந்ததும் சீட்டுகளைக் கோயிலுக்குப் பின்னால் தகர டப்பாவில் போட்டு எரித்துவிடுவேன். கையெழுத்தைப் பார்த்தால் பாதிப் பேரை எனக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

முப்பத்தோரு வருஷம் இந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான். கிறிஸ்துநல்லூரின் சண்டை, சம்பந்தம், சாவு எல்லாம் என் காது வழியாகத்தான் போயிற்று. வாய் வழியாக ஒன்றும் வந்ததில்லை. அதனால்தான் கிதியோன் ஐயர் இந்தச் சாவியை என்னிடம் கொடுத்தார். ‘இதுவும் ஒரு ஊழியம்தான் நவமணியக்கா’ என்றார். ஊழியமாம். ஒருத்திக்குப் பாட்டு, ஒருத்தனுக்குப் பிரசங்கம், ஒருத்திக்கு அந்நிய பாஷை. ஆவியானவர் எனக்குக் கொடுத்தது ஒரு பித்தளைச் சாவி. போன ஞாயிறு ஐயர், சபை ஒரே சரீரம், கண்ணுக்கும் கைக்கும் காதுக்கும் அதனதன் வேலை உண்டு என்று பிரசங்கித்துவிட்டு, காது என்னும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். காதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள், கம்மல் போட்டால்தான் உண்டு.

சாயந்திரம் பெர்சிஸ் டீக்குக் கூப்பிட்டிருந்தாள். பேங்க் மேனேஜர் பெண்சாதி, சென்னையில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் போதகரைத்தான் ஐயர் என்கிறோம் என்பது விளங்கவே அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. வந்து மூன்று மாதத்தில் உபவாச ஜெபத்தை அவள்தான் நடத்துகிறாள். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. “நாளைக்கு எதுக்கு முக்கியமா பாரத்தோட ஜெபிக்கணும், சொல்லுங்கக்கா” என்று கேட்டாள். பாரத்தைப் பகிர்ந்துகொள்வது வேறு, ஊர்வம்பு வேறு. பெயர் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 7, வெள்ளி

ஜெபத்தின் நடுவில் பெர்சிஸ் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, “இடது மார்பிலே கட்டியோடு பயந்திருக்கிற மகளே, நான் உன்னோடு இருக்கிறேன், வைத்தியரிடம் போ” என்று வெளிப்பாடு சொன்னாள். மூன்றாவது வரிசையில் ஒருத்தி ‘ஐயோ’ என்று கதறி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன்.

கர்த்தருடைய வழிகளை யார் அறிவார்.

ஜூன் 13, வியாழன்

சீட்டு இருபத்திரண்டு. பெட்டிக்குள் கையைவிட்டுத் தள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கேஸ் சிலிண்டர் வந்தது, அந்தப் பையனிடம் சில்லறைக்குச் சண்டை.

பெர்சிஸ் வீட்டில் கேக். இந்த வாரம் எந்தத் தெருவுக்காக அதிகம் ஜெபிக்கலாம் என்று கேட்டாள். தெருவைச் சொல்வதில் தப்பில்லை. ஒரு தெருவில் அறுபது வீடு இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

தேதி போட்டு எழுதி வைக்க வேண்டிய நாள் இது. வெள்ளிக்கிழமைக்குப் பதினேழு பேர் வந்த இடத்தில் இப்போது நூற்றைம்பது பேர். கோயிலுக்குப் பக்கத்து ஹால் போதாமல் வெளியே பாய் விரித்திருந்தார்கள். ஜெபம் முடிகிற நேரத்தில் பெர்சிஸ் என்னை முன்னால் அழைத்து, தலையில் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “அக்காவுக்குப் பகுத்தறியும் வரம் இருக்கு. இத்தனை வருஷமா யாரும் கண்டுக்கல. இனிமே அக்கா என் பக்கத்துல நிப்பாங்க.”

அறுபத்துமூன்று வயதில் ஒருவர் என் தலையில் கை வைத்து இப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் வாசலிலேயே வாய்ச்சண்டை. அரிசி மில் பால்துரை அண்ணாச்சி ஐயரிடம், “தீர்க்கதரிசனம் சொல்லுத அம்மாவுக்கு ஞாயித்துக்கெழமப் பிரசங்க மேடையக் குடுக்க மாட்டியளோ? ஆவியானவருக்கு ஒங்க கமிட்டி பெர்மிஷன் போடணுமோ?” என்று கேட்டார். கமிட்டிக்காரர்கள் நாலு பேர் பதிலுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். பெர்சிஸைச் சூனியக்காரி என்றுகூட ஒருவர் சொன்னார்.

ஐயர் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றார். “வரம் குடுத்தவரும் அவருதான், சபையக் குடுத்தவரும் அவருதான். ஒண்ணக் காட்டி ஒண்ண ஒடைக்கப்பிடாது. ஆகஸ்ட் நாலாம் தேதி அசனம் வருது. எல்லாரும் ஒரே பாயில உக்காந்து சாப்பிடுவோம். அதுக்கப்புறம் பேசுவோம்” என்றார். பாவம், இளைத்துப் போயிருக்கிறார். அங்கி தோளில் நிற்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

முப்பத்தோரு சீட்டு. இருபத்தேழாவதைப் பிரித்தவள், ஐயர் அங்கி மாட்டுகிற வெஸ்ட்ரி அறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முறைத் தாளின் பின்பக்கம், நீலக் கறுப்பு மையில், பவுண்டன் பேனாவால் எழுதியது. இந்த ஊரில் இன்னும் பவுண்டன் பேனா வைத்திருப்பவர் ஒருவர்தான். சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிற ஒவ்வொரு தடவையும் அறிவிப்புப் பலகையில் நான் பார்க்கிற கையெழுத்து.

‘ஒரு வருஷமாக எனக்கு ஜெபிக்க வரவில்லை. வாய் மட்டும் பேசுகிறது. அந்தப் பக்கத்தில் யாரும் கேட்கிறதாகத் தெரியவில்லை. எனக்காக யாராவது ஜெபியுங்கள்.’

ஒரு வருஷமாக இந்த மனுஷன் பீடத்தில் நின்று எனக்கு இராப்போஜனம் கொடுத்திருக்கிறார். என் தம்பியை அடக்கம் பண்ணியிருக்கிறார். கோபம் வந்தது, அப்புறம் இரக்கம் வந்தது, மறுபடியும் கோபம் வந்தது.

பட்டியலில் ‘ஒரு சகோதரனின் ஆவிக்குரிய பலத்துக்காக’ என்று எழுதினேன். இந்தச் சீட்டை நாளைவரைக்கும் வைத்திருக்கக் கூடாது என்று உடனே எரித்துவிட்டேன். சாயந்திரம் பெர்சிஸ் வீட்டுக்குப் போகவில்லை.

ஜூலை 5, வெள்ளி

முழங்கால் வலி. ஜெபத்துக்குப் போகவில்லை. வெளிப்பாடு ஒன்றும் வரவில்லையாம், ஜனங்கள் ஏமாந்து போனார்களாம்.

ஜூலை 11, வியாழன்

பெர்சிஸ் கார் அனுப்பியிருந்தாள். போகாமல் இருக்க முடியுமா?

இன்றைக்கு அவள் பேச்சில் பழைய குழைவு இல்லை. “ரெண்டு வாரமா கர்த்தர் உங்ககிட்ட மௌனமா இருக்காரா அக்கா? வரம் குடுத்தவர் கணக்குக் கேப்பாரு. மேலத்தெரு புஷ்பம் அக்காவும் என்கூட நிக்கணும்னு ஆசைப்படறாங்க. நான்தான் இடம் இல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றாள். புஷ்பத்துக்கு வாயில் ஈ நுழைவது தெரியாது. அவள் எதைப் பகுத்தறிவாள்!

ஐயரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊழியக்காரர்களுக்காக நாம் இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டும் என்று பொதுவாகத்தான் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவரும் ஜெபித்தோம். ஜெபத்தில் சொல்வது மனுஷரிடத்தில் சொல்வது ஆகாது.

நெய்ப் பிஸ்கட் ஒரு டப்பா கட்டிக் கொடுத்தாள்.

ஜூலை 12, வெள்ளி

உள்ளபடி எழுதுகிறேன்.

ஐயர் வெள்ளிக்கிழமை ஜெபம் முடிகிற நேரத்தில் வந்து கதவருகே நிற்பார். கடைசியில் ஆசீர்வாதம் சொல்லி அனுப்புவார். யாரும் கூப்பிடாவிட்டாலும் வருவார், இரண்டு கூட்டமும் ஒன்று என்று காட்டுவதற்காக. இன்றைக்கும் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் மேடையில் பெர்சிஸுக்குப் பக்கத்தில் நின்றதால் அவரை நன்றாகப் பார்க்க முடிந்தது.

பெர்சிஸ் கண்ணைத் திறக்கவில்லை. குரல் மட்டும் மாறிற்று. “என் பீடத்தில் நிற்கிறவனே, உன் வாய் பேசுகிறது, உன் உள்ளத்தில் விளக்கு அணைந்து ஒரு வருஷம் ஆயிற்று. நான் உன்னிடத்தில் இல்லை. எழுந்து போ என்று கர்த்தர் சொல்லுகிறார்.”

மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நூற்றைம்பது தலையும் ஒவ்வொன்றாகக் கதவுப் பக்கம் திரும்பிற்று. ஐயர் சுவரில் கை வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ரொம்ப நாள் காத்திருந்த கடிதத்தைக் கையில் வாங்கினவர் மாதிரி இருந்தார். ஆசீர்வாதம் சொல்லாமலே போய்விட்டார். செருப்பு கதவருகே கிடந்தது.

ஒரு வருஷம் என்று நான் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஜூலை 13, சனி

பெர்சிஸிடம் நேரே போய்க் கேட்டேன். “அது நான் சொன்னதுல்லா?” என்றேன்.

அவள் உண்மையாகவே திகைத்தாள். அது நடிப்பு இல்லை, குரலை வைத்தே ஆளை எடைபோடுகிறவள் நான். “நீங்க எப்போக்கா சொன்னீங்க? நாம ஜெபிச்சோம். எனக்குள்ள தானா வருது. எங்கருந்து வருதுன்னு எனக்கே தெரியாது. வரும்போது தடுத்தா உடம்பெல்லாம் எரியுது” என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

பொய்க்காரியாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

கோயில் நிறைந்திருந்தது. வராதவர்கள்கூட வந்திருந்தார்கள், என்ன நடக்கும் என்று பார்க்க. பொது ஜெப நேரத்தில் ஐயர் பீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிட்டார். ‘பரலோக பிதாவே’ என்றார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும், இரண்டு நிமிஷம் இருக்கும். பின்வரிசையில் குழந்தை ஒன்று சிணுங்கிற்று. கடைசியில் ஐயரம்மா பியூலா தன் இடத்திலிருந்தே எழுந்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சத்தமாகத் தொடங்கினாள். பாதிப் பேர் சேர்ந்து சொன்னார்கள். மீதிப் பாதி வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் எந்தப் பாதியில் இருந்தேன் என்று எழுத வேண்டியதில்லை.

ஜூலை 21, ஞாயிறு

பால்துரை அண்ணாச்சி மில் களத்தில் பந்தல் போட்டுத் தனி ஆராதனை தொடங்கிவிட்டார். பெயர் பலகையும் எழுதி வந்துவிட்டது. இருநூற்றுச் சொச்சம் குடும்பத்தில் நூற்றுப் பத்து அங்கே. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். எங்கள் தெரு இன்பரசி வீட்டில் மாமியார் கோயிலுக்கு, மருமகள் மில்லுக்கு; நடுவில் சமையல் இல்லாமல் பிள்ளைகள் கடையில் பரோட்டா வாங்கித் தின்கின்றன.

அசனமும் இரண்டாம். நூற்றுப் பன்னிரண்டு வருஷமாக ஒரே அடுப்பில் பொங்கின சோறு. பஞ்ச காலத்திலும் நிற்கவில்லை என்று சொல்வார்கள். வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, ஆட்டை அறுத்து, பாயில் மலை மாதிரி சோற்றைக் குவித்து, மில்காரனும் கூலிக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது. சொந்தமாக வீட்டில் வடித்த சோற்றை அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள்.

மில் பந்தலில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி. அக்கா, அக்கா என்று எல்லாரும் வருகிறார்கள். புஷ்பம் எனக்கு விசிறி விடுகிறாள்.

ஜூலை 25, வியாழன்

கோயில் பெட்டியில் மூன்று சீட்டு.

மத்தியானம் மூன்று மணிக்கு ஐயர் வீட்டுக்கு வந்தார். மிளகாய் வற்றலை வாரிக்கொண்டிருந்தேன். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு தனியாக வந்திருந்தார். தண்ணீர் கேட்டார். செம்போடு கொடுத்தேன்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கப்பிடாது.”

“சொல்லுங்கய்யா.”

“பெட்டியில நானும் ஒரு சீட்டு போட்டேன். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

நான் வற்றலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியும். எங்கையெழுத்து ஒங்களுக்குத் தெரியாததா? தெரியணும்னுதான் அந்தப் பேனாவுலயே எழுதினேன். பியூலாட்டகூடச் சொல்லல. அவ ஒடைஞ்சி போவா. ஒருத்தராவது, ஆளு தெரிஞ்சி எனக்காக முழங்கால் போடட்டும்னு தோணிச்சி. ஒங்களவிட்டா வாயக் கட்டுன ஆளு இந்தச் சபையில யாரு இருக்கா?”

‘எப்படிய்யா ஆச்சு?’ என்று மட்டும் கேட்டேன்.

“காரணம்னு ஒண்ணும் இல்லக்கா. ஒருநா காலையில உக்காந்தேன், வரல. கொழாயில தண்ணி நின்னு போவுமே, அது மாதிரி. நாளைக்கு வரும், நாளான்னைக்கு வரும்னு இருந்தேன்.” செம்பைக் கீழே வைத்தார். “இப்ப நான் கேக்கது ஒண்ணுதான். அந்தச் சீட்டப் பத்தி யார்ட்டயாவது சொன்னியளா? சொல்லியிருந்தா ஒண்ணும் இல்லக்கா. சத்தியமா, ஒரு வருத்தமும் இல்ல. மனுஷர் பேச்சுன்னா நான் தாங்கிக்கிடுவேன். ஒங்க கையப் பிடிச்சி நன்றி சொல்லிட்டுப் போவேன். சொல்லலைன்னாதான்...”

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை, எனக்கு விளங்கிற்று. நான் ‘ஆமாம்’ என்றால் அன்றைக்குப் பேசினது பெர்சிஸ். நான் ‘இல்லை’ என்றால் அன்றைக்குப் பேசினது கர்த்தர்.

முப்பத்தோரு வருஷம். ஊர் பூராவும் என்னைப் பற்றிச் சொல்கிற ஒரே நல்ல வார்த்தை. முன்வரிசை நாற்காலி. தலையில் வைத்த கை. எல்லாம் ஒரே நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“இல்லய்யா” என்றேன்.

அவர் தலையை அசைத்தார். கொஞ்சம் சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். “அப்ப அவருதான். ஒரு வருஷமா ஒரு வார்த்தை பேசாதவரு, பேசினதும் இதத்தான் பேசியிருக்காரு” என்றார். மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு, “தேங்க்ஸ்க்கா, நல்ல தண்ணி” என்று சொல்லிப் படியிறங்கிப் போனார்.

குடையை மறந்துவிட்டார். தெருமுனை வரைக்கும் வெயிலில் வெறும் தலையோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம்.

ஜூலை 26, வெள்ளி

பெர்சிஸ் பக்கத்தில் நின்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இரண்டு அடுப்பு, இரண்டு பந்தல், இரண்டு மைக்செட். கோயில் வளவுக்கும் மில் களத்துக்கும் நடுவில் ஒரு ரோடு. இங்கே பாடுகிற பாட்டு அங்கே கேட்கிறது, அங்கே பாடுவது இங்கே கேட்கிறது. வேறு வேறு பாட்டு.

கோயில் பந்தலில் ஐயர் அங்கி மேலே துண்டைக் கட்டிக்கொண்டு கடைசி ஆள் வரைக்கும் பரிமாறினாராம். ஜெபம் பண்ண மட்டும் வேறு ஒருவரை நிற்கவைத்தாராம். அப்புறம் ரோட்டைத் தாண்டி எங்கள் பந்தலுக்கு வந்தார். வந்ததும் மைக்செட்டை யாரோ அணைத்தார்கள்.

“எனக்கும் ஒரு எல போடுங்க” என்றார்.

பால்துரை அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. “அங்க முடிச்சிட்டுத்தான வாறிய?”

“பரிமாறினேன் அண்ணாச்சி, சாப்பிடல. ரெண்டு எடத்துலயும் ஒரு பிடி சாப்பிட்டாம்னா ஒரே அசனம்னு ஆயிரும்லா. அதுக்காவ வந்தேன்.”

வாளியோடு நின்ற பிள்ளைகள் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தன. பெர்சிஸ் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். “ஐயா, கர்த்தர் ஒங்களப் போகச் சொல்லியாச்சி. அதுக்கு மேல நாங்க என்ன செய்ய?” என்றார் அண்ணாச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

என் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. என் கைப்பையை அங்கே வைத்திருந்தேன். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இடம் விட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் பார்த்தாரா என்று தெரியாது, நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். கோயில் பந்தலிலும் அதற்குள் சோறு தீர்ந்து பாயை உதறிக்கொண்டிருந்தார்கள். அசனத்தன்று ஐயர் பட்டினி.

ஆகஸ்ட் 7, புதன்

நாளை சொல்லிவிடுவேன். முடிவு பண்ணிவிட்டேன். குடையைக் கொடுக்கிற சாக்கில் போய், நின்றபடி, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். அவர் என்னைத் திட்டமாட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

பெட்டியைத் திறக்கவில்லை. போன வாரமும் காலிதான், யார் போடப் போகிறார்கள். நேரே ஐயர் குடியிருக்கிற குருமனைக்குப் போனேன்.

ஐயரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “காலையில ஆறு மணி பஸ்ஸுக்கே திருநெல்வேலி போயிட்டாவளே அக்கா. ராஜினாமாக் கடிதத்தப் பெரிய ஆபீஸ்ல குடுக்கணும்னாவ. போற வழியில கோயில்ல ஒரு சோலி இருக்குன்னு வீட்டவிட்டு சீக்கிரமே எறங்கிட்டாவ. சாயந்தரம் வந்துருவாவ. ஏதும் சொல்லணுமா?”

“குடை” என்றேன்.

“அவிய வந்ததும் குடுத்துருதேன், வச்சிட்டுப் போங்க” என்றாள். நானே நேரில் கொடுக்கிறேன் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். நாளை வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

வரவில்லை. ஆபீசுக்கும் போகவில்லையாம். போன் அணைத்துக் கிடக்கிறது. கண்டக்டர், ஐயர் பாதி வழியிலேயே ஆற்றுப்பாலத்தில் இறங்கிக்கொண்டார் என்கிறான். அங்கே ஏன் இறங்கினார், அங்கே ஊரே இல்லையே. கமிட்டிக்காரர்களும் மில் ஆட்களும் சேர்ந்து தேடுகிறார்கள். பால்துரை அண்ணாச்சி தன் வண்டியைக் கொடுத்திருக்கிறார். ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக எல்லாரும் ஒன்றாகப் போகிறார்கள்.

ஐயரம்மா வந்தாள். படியேறும்போதே அவள் கேட்கப் போவது எனக்குத் தெரிந்தது. “போன மாசம் ஒருநா ஒங்க வீட்டுக்கு வந்தாவளாமே. என்ன பேசினாவ அக்கா? ஏதாச்சும் சொன்னாவளா?”

அசன விஷயமாகப் பேசினார் என்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தகவல் இல்லை. ஆற்றில் ஆள் இறக்கித் தேடியிருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது நல்லது என்கிறார்கள்.

ஐயரம்மா கோயில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலையும் மாலையும் உட்கார்ந்திருக்கிறாள். தனியாகத்தான். பெர்சிஸ் மில் பந்தலில், கர்த்தர் தம்முடைய வீட்டைச் சுத்தம் பண்ணுகிறார் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள், ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கோயில் வளவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். இருபது பேர் இருக்கும்.

பழக்கதோஷத்தில் பெட்டியைத் திறந்தேன். ஒரே ஒரு சீட்டு. நீலக் கறுப்பு மை. போன வியாழன் காலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் போட்டிருக்கிறார். அன்றைக்குப் பெட்டியைத் திறந்திருந்தால் ஒன்பது மணிக்கே என் கைக்கு வந்திருக்கும். ஆற்றுப்பாலம் ஒன்றும் தூரம் இல்லை.

‘எங்கள் பாரங்களையெல்லாம் வாய் திறவாமல் சுமக்கிற நவமணியக்காவின் சுகத்துக்காகவும் சமாதானத்துக்காகவும். அவர்களுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.’

பெயரைப் போட்டிருக்கிறார். போடக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

நாலாம் தேதிச் சீட்டை எரித்துவிட்டேன் என்று ஜூலையில் எழுதியிருக்கிறேன். எரிக்கவில்லை. இந்த நோட்டின் பின்னட்டைக்குள் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே தாள், அதே பேனா. இவற்றை எடுத்துக்கொண்டு போய் ஐயரம்மாவிடம் காட்டினால் எல்லாம் அவளுக்கு விளங்கிவிடும். கோயில் கதவு திறந்துதான் இருக்கிறது, இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது.

குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

பெர்சிஸ் கார் வாசலில் வந்து நிற்கிறது. டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டான். நாளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பாள், பெட்டியில் சீட்டு உண்டா என்று கேட்பாள். ஒன்றும் இல்லை என்று சொல்வேன். இந்த ஒரு சீட்டையாவது நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.